சோறு நிறுத்திய இருவர்

ஜனவரி 9

லிஃப்ட்காரருக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக விரலில் ஊசி குத்திக்கொண்டேன். சர்க்கரை 104. "பரவாயில்லையே" என்று மீட்டரிடம் வாய்விட்டுச் சொன்னேன். வீட்டில் வேறு ஆளில்லாததால் "ம்" என்று பதிலையும் நானே சொல்லிக்கொண்டேன்.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. பிரிந்துபோய் மூன்று வருடம் கழித்து எழுதுகிறீர்கள், அதுவும் சர்க்கரை வந்திருக்கிறது என்று. ஃபோன் செய்யாமல் எழுதியதே நல்லது. ஃபோனில் என்றால் இரண்டாவது நிமிடமே பழசைத் தோண்டியிருப்போம்.

எனக்கும் சர்க்கரை என்பதும், அது குறைந்ததும் என் அக்கா சொல்லித் தெரிந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவள் வாயில் எது நின்றிருக்கிறது? எப்படிக் குறைத்தாய் என்று கேட்கிறீர்கள். சோற்றை நிறுத்தினேன், அவ்வளவுதான். ரொட்டி, கிழங்கு, பழச்சாறு எதுவும் கிடையாது. முட்டை, மீன், கீரை, வெள்ளரிக்காய், ஒரு கைப்பிடி கடலை. காலிஃப்ளவரைத் துருவி வதக்கினால் பார்வைக்குச் சோறு மாதிரியே இருக்கும். முதல் வாரம் தலைவலி, எல்லோர் மேலும் எரிச்சல். எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் என் டப்பாவைத் திறந்தால், "மேடம், இத நீங்க சாப்பிடணுமா, மேயணுமா?" என்கிறாள் பக்கத்து மேசைக்காரி.

பசி பழகிவிட்டது. குக்கர் விசில் நின்றதுதான் பழகவில்லை. இந்த வீட்டில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

நான் செய்ததை அப்படியே செய்யுங்கள். அரைகுறையாகச் செய்தால் பலன் தெரியாது.

உங்கள்
சயின்டிஸ்ட்

ஜனவரி 27

சயின்டிஸ்ட் அம்மாவுக்கு,

உன் உத்தரவுப்படி சோற்றை நிறுத்தியாயிற்று. முன்பெல்லாம் காலையில் இருநூற்று அறுபது காட்டிய மீட்டர் இன்று 131 காட்டுகிறது. பொய்யில்லை, வேலைக்கூட்டாளியைச் சாட்சிக்கு வைத்துப் பார்த்தேன். ஆனால் காலிஃப்ளவரைச் சோறு என்று நம்பச் சொல்கிறாயே, கல்யாணத்துக்கு முன்னால் நீ சொன்ன பொய்களையெல்லாம் இது தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

இங்கே வேலை ஓயவில்லை. பெரிய கட்டடம், ஒன்பது லிஃப்ட். நாள் முழுக்கக் கூண்டுக்கு மேலே நின்று கம்பி வடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மத்தியானம் கேன்டீன். அதை நடத்தும் அம்மா, "என்ன லிஃப்ட்டு, சோத்து மேல என்ன கோவம்? நான் ஆக்குனது அவ்வளவு மோசமா?" என்று சண்டைக்கு வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் தட்டில் இரண்டு முட்டை கூடுதலாக விழுகிறது.

மார்ச்சில் இந்த வேலை முடிகிறது. அப்புறம் எங்கே போவது என்று யோசிக்கவில்லை.

உன்
லிஃப்ட்காரன்

பிப்ரவரி 6

லிஃப்ட்காரருக்கு,

131 என்று படித்ததும் எனக்கே குறைந்த மாதிரி இருந்தது. அலுவலகத்தில் காரணமில்லாமல் சிரித்தேன் போலிருக்கிறது. "என்ன மேடம், சம்பளம் ஏத்திட்டாங்களா?" என்று கேட்டாள் அந்தப் பக்கத்து மேசைக்காரி.

எங்கே போவது என்று யோசிக்கவில்லை என்றீர்கள். நான் யோசித்தேன். சின்ன அறையில் அடுக்கி வைத்திருந்த பழைய பத்திரிகைகளை எடைக்குப் போட்டுவிட்டேன். ஜன்னல் கொக்கியைச் சரிசெய்தேன். கட்டிலைச் சுவரோரம் தள்ளியதும் ஒரு ஆள் தாராளமாக நடக்க இடம் வந்துவிட்டது. வேலை முடிந்ததும் இங்கே வாருங்கள். பழசைப் பேசவே வேண்டாம். ஒரே அடுப்பு, ஒரே சமையல், காலையில் ஒரு மீட்டர், இரண்டு விரல்.

இதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. எழுதிவிட்டேன்.

உங்கள்
சயின்டிஸ்ட்

பிப்ரவரி 24

சயின்டிஸ்ட் அம்மாவுக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நன்றாக இருக்கிறேன்.

போன வாரம் கூண்டுக்கு மேலே நின்று வேலை பார்க்கும்போது உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றியது. கை நடுங்கி ஸ்பேனர் குழிக்குள் விழுந்தது. கூட்டாளியிடம் ஏதோ உளறினேனாம். கரண்ட் அடித்துவிட்டது என்று நினைத்து அவன்தான் கீழே இறக்கினான். கேன்டீன் அம்மா ஓடி வந்து, என்னை உட்கார வைத்து, சர்க்கரை போட்ட டீயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள். ஆஸ்பத்திரிக்கும் அவள்தான் கூட வந்தாள்.

டாக்டர் திட்டித் தீர்த்துவிட்டார். "சர்க்கரைய இறக்குற மாத்திரையும் முழுசா போட்டுக்கிட்டு, சோத்தையும் நிறுத்தினா சர்க்கரை எங்கய்யா போய் நிக்கும்? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா குறைச்சுக் குடுத்திருப்பேன்ல? யாரு சொன்னா இப்படிச் செய்யச் சொல்லி?"

"நானேதான் சார்" என்றேன். மாத்திரை சாப்பிடுவதை உனக்கு எழுதாதது என் தப்புதானே.

மாத்திரையைப் பாதியாக்கினார். அப்புறம், "வீட்டுல கூட யாரு இருக்கா?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்னால், "நான் இருக்கேன்" என்று அவள் சொல்லிவிட்டாள். நான் மறுத்துப் பேசவில்லை.

இப்போது எனக்கு மட்டும் தனியாகச் சமைக்கிறாள். நீ எழுதியதை ஒன்றுவிடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அவளுக்கும் யாருமில்லை.

அறையைப் பற்றி எழுதியிருந்தாய். அதற்குத் தனியாக எழுதுகிறேன்.

லிஃப்ட்காரன்

மார்ச் 22

லிஃப்ட்காரருக்கு,

தனியாக எழுதுகிறேன் என்ற அந்தக் கடிதத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

எங்கள் கூடத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் வந்தால், எந்தக் கிணறு, எப்போது எடுத்தது, எதில் எடுத்தது என்று கேட்காமல் மூடியைத் திறக்க மாட்டேன். புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவதே அதுதான். எனக்கு மருந்து கிடையாது, ஆரம்ப நிலை, சாப்பாட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லித்தான் செய்தேன். உங்களிடம் மாத்திரை உண்டா என்று ஒரு வரி கேட்கவில்லை. உங்களைப் பற்றி எதையும் கேட்காமல் இருந்து பழகிவிட்டது. டாக்டரிடம் என் பெயரை மறைத்துவிட்டீர்கள். நீங்கள் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் இருக்கேன்" என்ற வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். முதலில் கோபம் வந்தது. எவளோ ஒருத்தி, என் இடத்தில் நின்று எப்படிச் சொல்லலாம் என்று. பிறகு யோசித்தால், அந்த இடத்தில் நான் எப்போது நின்றேன்? நீங்கள் கூப்பிடட்டும் என்று நான் இங்கே உட்கார்ந்திருந்தேன். அவள் யாரும் கூப்பிடக் காத்திருக்கவில்லை.

அந்த அம்மாவிடம் சொல்லுங்கள்: உங்கள் சட்டைப் பையில் எப்போதும் நாலு மிட்டாய் இருக்க வேண்டும். மேலே ஏறும் முன்னால் ஒரு தடவை சோதிக்க வேண்டும். எண் குறையக் குறைய மாத்திரையை டாக்டர் திரும்பப் பார்க்க வேண்டும், நீங்களாக நிறுத்தக் கூடாது. "எனக்கு ஒண்ணுமில்ல" என்று நீங்கள் சொன்னால் நம்ப வேண்டாம். காய்ச்சல் நூற்று மூன்றில் இருந்தபோதும் அதைத்தான் சொன்னீர்கள்.

எனக்கு இன்று காலை 99. அது பாட்டுக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை. அக்காவுக்குத் தெரிந்தால் இன்றே பஸ் ஏறி வந்து அழுவாள். விவாகரத்து என்று கேட்க உங்களுக்கு வாய் வராது என்று எனக்குத் தெரியும். நீங்கள் கேட்க வேண்டாம். திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு நானே வக்கீலைப் பார்க்கப் போகிறேன்.

சயின்டிஸ்ட்