சுவருக்கு அந்தப் பக்கத்து ஆள்

மாதா துணை

மெட்டுகுடா, செகந்திராபாத்
20-8-1979

அன்பு மகள் ஆக்னஸுக்கு அம்மா எழுதுவது. பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் ஒரு தும்மல்கூட இல்லாமல் இருக்க மாதாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, ஆனால் ஒருவர் சுகமாக இருக்கிற நாளில் இன்னொருவருக்கு லீவு, அதனால் சேர்த்து எழுத வரவில்லை. என் எழுத்தைப் பார்த்து மாப்பிள்ளை சிரித்தால் சிரிக்கட்டும், கன்னியாஸ்திரி அம்மாவின் பிரம்புக்குப் பயந்து நாலாங்கிளாஸோடு ஓடி வந்தவள் இவ்வளவு எழுதுவதே பெரிது. குட்டிப்பயல் இப்போதும் இந்தியில்தான் பதில் சொல்கிறானா, நான் வந்து நாலு அடி போட்டால் தமிழ் தானாக வரும் என்று சொல்லி வை. உன் கடிதம் வந்தது. மாத்திரையை ஒழுங்காகக் கொடுக்கிறாயா, உன் இஷ்டத்துக்குக் குறைக்கிறாயா என்று போலீஸ்காரி மாதிரி கேட்டிருக்கிறாய். குறைத்திருக்கிறேன். கோபப்படாமல் கடைசிவரை படி, அதற்குத்தான் இத்தனை தாள்.

நீ கல்யாணமாகிப் போனபோது உங்கப்பா வெறும் மறதிக்காரர். குடையை விட்டுவிட்டு வருவார், ஒருநாள் என்னையும் கோயிலில் விட்டுட்டு வந்துடாதீங்க என்று கேலி செய்வேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டார். நான் சிரித்துக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தேன், கதவைத் திறந்தவர் யாரைப் பாக்கணும் என்று கேட்டார், அதற்கும் சிரித்தேன், உள்ளே போய்ச் சேலை மாற்றும்போதுதான் கொசுவத்தை மூன்று தரம் கலைத்துக் கலைத்துக் கட்டினேன். அப்புறம் இந்தத் தட்டல் ஆரம்பித்தது. அவர் ரயில்வே வேலை உனக்குத் தெரியும், வண்டி வந்து நின்றதும் நீளப்பிடிச் சுத்தியலால் சக்கரத்தைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பது, நல்ல சக்கரம் மணி மாதிரிப் பேசும், விரிசல் விட்டது உடைந்த சட்டி மாதிரிப் பேசும். ஆனால் ஹாஸ்டலில் படித்தவள் நீ, இது உனக்குத் தெரியாது. வண்டிக்கு இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் சின்னசாமி, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஒரு பெட்டி முடிந்ததும் அப்பா இரண்டு தட்டு, அந்தப் பக்கத்திலிருந்து சின்னசாமி இரண்டு தட்டு, நான் இருக்கிறேன், அடுத்ததுக்குப் போகலாம் என்று அர்த்தம். பதில் வராவிட்டால் நகரக்கூடாது, போய்ப் பார்க்க வேண்டும். எந்த ஆபீஸரும் போட்ட சட்டம் இல்லை, அவர்கள் இருவரும் தங்களுக்குள் வைத்துக்கொண்டது. சின்னசாமி மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று.

இப்போது உங்கப்பா கரண்டியை எடுத்துக்கொண்டு கட்டில், தண்ணீர் டிரம், கதவு நிலை, எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டுச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவார். தட்டிவிட்டு நிற்பார். பதில் வராது, முகம் கறுத்துப்போகும், செருப்பைக்கூடப் போடாமல் தெருவுக்குக் கிளம்பிவிடுவார். பிடித்து இழுத்தால் என்னை அடிக்க வருவார், அவன் ஒத்தையா கெடக்கான் விடும்மா என்று கெஞ்சவும் செய்வார். ஒருநாள் நான் அடுக்களையில் அடிப்பிடித்த சட்டியைக் கரண்டியால் தட்டிச் சுரண்டிக்கொண்டிருந்தேன், அந்தப் பக்கம் உங்கப்பா ஹா என்று மூச்சு விட்டது கேட்டது. எட்டிப் பார்த்தால் மனுஷன் சாந்தமாக உட்கார்ந்திருக்கிறார். அன்றிலிருந்து நான்தான் சின்னசாமி. அவர் தட்டினால் நான் எங்கே இருந்தாலும் இரண்டு தட்டுத் தட்டுவேன். மீசைதான் இன்னும் முளைக்கவில்லை என்று பக்கத்துத் தெரு நாகம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். ஆனால் மகளே, அவர் சுவர் வழியாகப் பேசவும் ஆரம்பித்தார். என்னடா சின்னசாமி, வெயில் எப்படி என்பார், நானும் குரலைக் கட்டையாக்கி, கொளுத்துதுண்ணே என்பேன். ஒருநாள் ரகசியமாகச் சொன்னார், டேய், இந்த வீட்ல ஒரு பொம்பள இருக்குடா, நல்ல பொம்பள, வேளாவேளைக்குச் சோறு போடுது, யாரு பெத்ததோ, அவ புருஷன் வந்து கூட்டிட்டுப் போகவே மாட்டேங்கறான். நான் கட்டைக் குரலில், வருவாண்ணே, வந்துருவான் என்று சொல்லிவிட்டு அடுப்பை ஊதினேன். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

நான் ரேஷன் கடைக்குப் போன நேரத்தில்தான் அது நடந்தது. நாகம்மா காவலுக்கு இருந்தாள், அவளுக்கு இந்தத் தட்டுச் சட்டம் தெரியாது. உங்கப்பா தட்டியிருக்கிறார், பதில் இல்லை, அவள் தண்ணீர் பிடித்துவிட்டுத் திரும்புவதற்குள் கிளம்பி லைனைத் தாண்டி யார்டுக்குள் போய்விட்டார். நின்றிருந்த கூட்ஸ் வண்டியைத் தட்டிவிட்டு, பதில் வராததால் இரண்டு பெட்டிக்கு நடுவே குனிந்து அந்தப் பக்கம் பார்க்கப் போயிருக்கிறார். அந்த நேரம் என்ஜின் வந்து முட்டி வண்டி நகர்ந்தது. அவரோடு வேலை பார்த்த ஜம்புநாதன் பார்த்துவிட்டு ஓடி வந்து வேட்டியைப் பிடித்து இழுத்தார். வேட்டி போய், மானம் போய், உயிர் மட்டும் வீட்டுக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி, டாக்டரம்மா, காலையிலும் ராத்திரியிலும் வெள்ளை மாத்திரை.

மாத்திரை வேலை செய்தது, அதில் பொய் இல்லை. அடிப்பது நின்றது, ஓடுவது நின்றது, தட்டுவதும் நின்றது. நான் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் தூங்கினேன், உனக்கும் அப்பா நல்லா இருக்கார் என்று எழுதினேன். அப்புறம் பார்த்தால் கழுத்து முன்னால் தொங்குகிறது, வாயோரம் எச்சில், காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நடை, கை மரக்கட்டை மாதிரி விறைப்பு. அதற்கு டாக்டரம்மா இன்னொரு மாத்திரை சேர்த்தார், அதைக் கொடுத்தால் உங்கப்பா வாய் வறண்டு சுவரெல்லாம் எறும்பு என்று துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார், அதை நிறுத்தியாயிற்று. கண் திறந்திருக்கும், உள்ளே ஆள் இல்லை. கேலி செய்தேன், திட்டினேன், கல்யாணத்தன்று அவர் மாலையை ஆள் மாற்றிப் போடப் போனதைச் சொல்லிப் பார்த்தேன், சுவரோடு பேசியது மாதிரிதான். சுவர் பரவாயில்லை. ஏனென்றால் ஒரு மத்தியானம், அவர் கட்டிலில் அப்படிக் கிடக்க, நான் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தபோது சுவரில் இரண்டு தட்டுக் கேட்டது. அந்தப் பக்கத்துப் போர்ஷன் காலி, பூட்டித்தான் கிடக்கிறது. அவர் கையைப் பார்த்தேன், மார்பின் மேல் இருந்தது. மறுபடி இரண்டு தட்டு. நாகம்மாவை அழைத்துக் காட்டினேன், அவள் காதை வைத்துக் கேட்டுவிட்டு, எலிம்மா, பயம் நக்கோ, வேணாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். எலியாகத்தான் இருக்கும். ஆனால் எலியோ என்னவோ, எனக்கு என்ன தெரியும், இத்தனை நாள் நான் செத்துப்போன சின்னசாமி பேரில் பொய்ப் பதில் சொல்லியிருக்கிறேன், இப்போது இவர் தட்டவில்லையே என்று அவர் தேடி வந்திருந்தால் என்ன செய்வது. அரிசியில் கல் எது நெல் எது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. கடைசியில் சுளகைக் கீழே வைத்துவிட்டு, அவர் விரலைப் பிடித்து மடக்கப் பார்த்தேன், மடங்கவில்லை, நானே சுவரில் இரண்டு தட்டுத் தட்டினேன், இவர் இங்கேதான் இருக்கிறார் என்று. சத்தம் நின்றது. நின்றதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

அந்த வாரமே கஞ்சி புரையேறி முகம் நீலம் பாரித்தது, முதுகில் குத்திக் குத்தி எடுத்தேன், ஜுரம் வந்தது. டாக்டரம்மாவிடம் போய், இந்த மருந்து அவரை எனக்காகக் கட்டிப்போடுதா, அவருக்காகவா என்று கேட்டேன். அவர் நல்ல மனுஷி, தெலுங்கும் தமிழுமாகச் சொன்னார், கொடுத்தா முழுங்க முடியாம நெஞ்சுல சளி கட்டும், குறைச்சா எழுந்து போவாரு, ரெண்டுலயும் ஆபத்து இருக்கும்மா, திடீர்னு நிறுத்தாம மெல்லக் குறைக்கலாம், ஆனா பக்கத்துல ஆள் இருக்கணும், வீட்ல பார்க்குற நீங்கதான் சொல்லணும். உன் கடிதத்தில் முழுசாகக் கொடு, நான் வந்து பார்க்கிறேன் என்று எழுதியிருந்தாய். நீ வருகிறவரை அவர் இருக்க வேண்டும் என்கிறாய், எனக்குப் புரிகிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வந்து பார்ப்பதற்கு எதை வைத்திருப்பேன் சொல்.

காலை மாத்திரையை நிறுத்தி, ராத்திரி அரை மாத்திரை, டாக்டரம்மா சொன்னபடிதான். நேற்று தலையைத் தூக்கி என்னை நன்றாகப் பார்த்து, யாரும்மா நீ, சாப்ட்டியா என்று கேட்டார். கட்டியவள் என்று தெரியவில்லை, பசித்திருப்பேனோ என்று தெரிந்திருக்கிறது. இன்று காலை அதே மனுஷன் பிடித்துத் தள்ளினார், முழங்கை வீங்கியிருக்கிறது, ஏதோ நல்லது மட்டும் எழுதுகிறேன் என்று நினைக்காதே. தெருக்கதவுக்கு உயரத்தில் தாழ் போட்டாயிற்று, யார்டு ஆட்களிடம் ஜம்புநாதன் சொல்லி வைத்திருக்கிறார், ரேஷனுக்கு நாகம்மா போகிறாள், நான் வெளியே போவதில்லை. இத்தனைக்கும் மீறி ஒருநாள் அவர் போய்விட்டால், டாக்டரம்மாவை யாரும் ஒன்றும் சொல்லக்கூடாது, நாகம்மாவைச் சொல்லக்கூடாது. மாத்திரையைக் குறைத்தது நான். உன் தம்பிக்கும் இதையே எழுதிவிட்டேன். விழுந்து விழுந்து நடக்கிற மனுஷனுக்கு நான் சோறு போடுவேன், மூச்சு விடுகிற மூட்டைக்குக் காவல் இருக்க எனக்குத் தைரியம் இல்லை.

முழங்கைக்கு நல்லெண்ணெய் போட்டிருக்கிறேன், அதற்காக அழாதே. பிலாயில் குளிர் ஆரம்பிப்பதற்குள் குட்டிக்குக் கம்பளிச் சட்டை எடுத்துவிடு, மாப்பிள்ளையைச் சிகரெட் குறைக்கச் சொல், சொன்னது நான் என்று சொல்லாதே. மூன்று பேர் தலையிலும் என் கையை வைத்து ஆசீர்வதிக்கிறேன், மாதா உங்களைக் காப்பாள். கிறிஸ்துமஸுக்கு வரும்போது ஒன்று மட்டும் மறக்காதே. அப்பாவுக்குப் பின்னால் வந்து தொடாதே, முன்னால் வந்து நின்று, நான் ஆக்னஸ், உங்க மக, என்று நீயே சொல்லிவிடு. நான் யாரு சொல்லுங்க பார்ப்போம் என்று மட்டும் கேட்காதே. அதை நான் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

உன் அம்மா
லூர்துமேரி