தேர்வுக்குக் காவல் இருந்தவள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நானும் உங்கள் மாப்பிள்ளை டுவேனும் சுகம். உங்கள் முழங்காலுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன், வலி குறைந்ததா?

வீடு விற்கும் உரிமத்துக்காகத் தபாலில் படிக்கிறேனே, அதன் கடைசித் தேர்வை வெள்ளிக்கிழமைக்குள் எழுதாவிட்டால் படித்ததெல்லாம் வீண் என்றிருந்தது. பக்கத்தில் ஒருவர் காவல் இருக்கவேண்டும். அவர் உறவினராகவோ, என்னால் லாபம் அடைபவராகவோ இருக்கக்கூடாது. இந்த டகோட்டா ஊரில் எனக்கு யாரைத் தெரியும்? போதகரைக் கேட்கலாமென்றால், எனக்கு வேலை தருவதாகச் சொன்ன வீட்டுத் தரகரே அவர் மனைவிதான். கடைசியில், பனியைத் தன் வாசலில் தள்ளுகிறோம் என்று சண்டை போட்ட பக்கத்து வீட்டு டோலஃப்சன் அம்மாளைக் கேட்டேன்.

வந்தாள். "பைபிளையும் உள்ளே எடுத்து வை. புத்தகமே கூடாதுன்னு போட்டிருக்கு" என்றாள்.

காபி நீட்டினேன்.

"உன்கிட்ட எதுவும் வாங்கலைன்னு கையெழுத்துப் போடணும். காபியைக் குடிச்சிட்டு எப்படிம்மா போடறது?"

நன்றாகவே எழுதினேன். விடைத்தாளை உறையிலிட்டு ஒட்டி, தானே தபாலில் சேர்க்க எடுத்துக்கொண்டாள்.

"இப்பவாவது குடிக்கலாமே?"

"இது அங்க போய்ச் சேரட்டும். அப்புறம் வரேன்."

அதிலிருந்து உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் அடுப்புக்குமாக நடக்கிறேன். நம் மரத்துப் பெக்கான் பருப்பு ஒரு பை அனுப்புங்கள், கேக் செய்யவேண்டும். தபால் செலவை உள்ளே வைத்திருக்கிறேன். இரண்டு பேருக்குக் காணும்படி அனுப்புங்கள் அம்மா. டுவேன் கேக் சாப்பிடமாட்டார்.

தபால் வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகள்,
வெர்லீன்