மலைமேல் கண்ணாடி மண்டபம்

அண்ணி, அடுப்பில் தென்னை வெல்லம் காய்கிறது. மருமகள் செண்டோல் செய்கிறாள். ஈப்போவிலிருந்து அவள் தங்கை பிள்ளைகளோடு வந்திருக்கிறாள், பள்ளி விடுமுறை. இந்தப் புக்கிட் பெருவாங் வீட்டில் உங்கள் கட்டில் கிடந்த இடத்தில் இப்போது அவர்களுடைய பைகள் கிடக்கின்றன. மலாக்காவில் எங்கே சாப்பிடுவது, எங்கே குடிப்பது, எதைப் பார்ப்பது என்று போனை வைத்துக்கொண்டு காலையிலிருந்து ஒரே பேச்சு. கடைசியில் அந்தத் தங்கை என் பக்கம் திரும்பினாள். “அத்தை, நீங்க இந்த ஊர்க்காரங்கதானே, எது நல்லா இருக்கும்னு நீங்களே சொல்லுங்கலா.”

வெல்ல வாசம் மூக்கில் ஏறியது. “இருங்க வர்றேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள் காரியம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நான் இன்னும் அழவில்லை. “கிழவி கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கா பாரு” என்று சமையல்கட்டில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. சொல்லிவிட்டுப் போகட்டும். காலை மடக்கி ரொம்ப நேரம் உட்கார்ந்தால் மரத்துப்போகுமே, கிள்ளினாலும் தெரியாதே, அப்படித்தான் இருக்கிறது. சோறு போட்டால் தின்கிறேன், போடாவிட்டால் கேட்பதில்லை. உங்களை இப்படி ஒரு காலத்தில் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அது வெள்ளைக்காரன் போட்ட எமர்ஜென்சி காலம். லூபோக் சீனா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நம் லய வீடுகளைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, போக வர ஒரே ஒரு கேட் வைத்திருந்தார்கள். காட்டுக்குள் ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்ட்காரர்களுக்கு அரிசி போய்விடக்கூடாதாம். அதனால் ஒரு பிடி சோறுகூட வேலியைத் தாண்டக்கூடாது. பால் வெட்டப் போகிறவர்கள் விடியலில் கேட்டில் நின்று கையை விரித்துச் சோதனை கொடுத்துவிட்டு வெறும் வயிற்றோடு மரம் மரமாக ஓட வேண்டும். பால் எடுத்துக் கொட்டிவிட்டு வேலிக்குள் திரும்பி வந்தால்தான் பசியாறல். அதுவரைக்கும் நம் ஆட்கள் யாரும் வீட்டு ஆம்பளையைத் தூக்குச்சட்டி இல்லாமல் வேலைக்கு அனுப்பியதே கிடையாது. அம்மாவெல்லாம் முனகிக்கொண்டே அடங்கிப்போனார்கள். கல்யாணமாகி வந்த புதுசு, உங்களுக்கு மட்டும் அது ஒத்துவரவில்லை.

“சோறு கட்டிக் குடுக்காம அனுப்புறதுக்கு நான் எதுக்கு இந்த வீட்டுல?” என்று அம்மாவிடம் கேட்டீர்கள்.

ஒரு நாள் அண்ணனுடைய பால் வாளிக்கு அடியில், துடைக்கிற துணிக்குக் கீழே, இலையில் கட்டிய சோற்றை வைத்துவிட்டீர்கள். அண்ணனுக்கே தெரியாது. மரம் மரமாக ஓடிக் களைத்தவர் வாளியைத் திறக்கும்போது பார்க்கட்டும் என்று நினைத்தீர்களாம். கேட்டில் போலீஸ்காரர்கள் துணியைத் தூக்கிவிட்டார்கள். நான் அதே வரிசையில் பின்னால் நின்றேன். அண்ணன் அந்தப் பொட்டலத்தைப் பார்த்தார். அது கட்டியிருந்த விதத்தைப் பார்த்ததுமே யார் கை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். “யாருக்கு?” என்று கேட்டார்கள். “எனக்குத்தான். நானே கட்டினேன்” என்றார். ஒரு ஆள் தின்கிற சோறு அது, அதற்கு மேல் இல்லை. அதை நம்புவதற்கு அவர்களுக்கு என்ன கேடு வந்தது என்று எனக்கு இன்றுவரைக்கும் ஆத்திரம்தான். லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அண்ணன் இந்தியாவிலிருந்து கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர். நான் இங்கே பிறந்தவள். அந்த வித்தியாசம் போதுமானதாக இருந்தது. அவரை ஊருக்கே திருப்பி அனுப்புவதாக உத்தரவு வந்தது. எந்த ஊர்? அவருக்குத் தெரிந்த ஊர் தோட்டம்தான். கப்பல் ஏற்றுவதற்கு முன்னால் மலாக்கா ஜெயிலில் ஒரு தடவை பார்க்கலாம், மத்தியானத்துக்கு மேல், பத்து நிமிஷம் என்று தோட்ட ஆபீஸ் கிராணி வந்து காகிதத்தைப் படித்துச் சொன்னார். நீங்கள் சரி என்று தலையாட்டினீர்கள். அவரைக் கொண்டுபோன நாளிலிருந்து நீங்கள் அழவும் இல்லை, பேசவும் இல்லை. தட்டைக் கையில் கொடுத்தால் இரண்டு வாய், அதோடு சரி. உங்களுக்குத் துணையாக என்னை அனுப்பினார்கள்.

பஸ்ஸில்தான் முதல்முதலாக வாயைத் திறந்தீர்கள். “பாப்பா, என் மேல கோவமான்னு அவர கேக்கணும். அத மட்டும் கேட்டுட்டாப் போதும்.”

டவுனில் இறங்கும்போது காலை வெயில் ஏறவில்லை. நேராக ஜெயில் வாசலுக்குப் போய் உட்காரப்போகிறோம் என்று நினைத்தேன். நீங்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “பாலம் எந்தப் பக்கம்னு கேளு” என்றீர்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. புருஷனைக் கப்பல் ஏற்றப்போகிறார்கள், இவர்களுக்கு ஊர் சுற்றிப் பார்க்க வேண்டுமாம்.

“எதுக்கு அண்ணி?”

“உங்க அண்ணன் கூட்டிட்டுப் போறேன்னு சொன்ன எடமெல்லாம் பாக்கணும். கேப்பாரு.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு நானும் தினமும் கேட்ட கதைதானே அது. கல்யாணமான மறுவாரமே மலாக்காவுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார் அண்ணன். அப்புறம் மழை, அப்புறம் அம்மாவுக்குக் காய்ச்சல், அப்புறம் வேலி. போக முடியாமல் போகப்போக அவர் பேச்சில் அந்த ஊர் பெரிதாகிக்கொண்டே போனது. மொதல்ல பாலத்துக்கிட்ட பாய் நடத்துற மாமாக் கடையில ரொட்டி சானாய். அப்புறம் சீனன் கடையில கோப்பி, காயா ஜாம் தடவுன ரொட்டி. செகப்புக் கட்டடத்தப் பாத்துட்டு, பிள்ளையார் கோயில்ல கும்பிட்டுட்டு, ஆத்தோரம் செண்டோல். அப்புறம் மலை ஏறணும். மலைமேல கண்ணாடி மண்டபம் இருக்கு. ஜன்னலெல்லாம் செகப்பும் பச்சையுமா கண்ணாடி. வெயில் அடிச்சா அந்தக் கலரு நம்ம மேல விழும். இப்படிச் சொல்லிக்கொண்டே போவார். நீங்கள் “ம், ம்” என்று கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

மாமாக் கடையில் ரொட்டியும் மீன் கறியும் வந்தன. நீங்கள் மருந்து சாப்பிடுகிற மாதிரி பிய்த்துப் பிய்த்து வாயில் போட்டீர்கள். கடைக்காரர் நம்மைப் பார்த்ததுமே தோட்டத்து ஆள் என்று கண்டுகொண்டார். “தங்கச்சி, பயப்படாம சாப்பிடுங்க, இங்க யாரும் புடுங்க மாட்டாங்க” என்று இன்னும் கறி ஊற்றினார். பாதி ரொட்டி மிச்சம். உங்கள் கை தானாக அதை இலையில் மடிக்கப் போனது, வீட்டில் அம்மாவுக்கு என்று. பாதி மடித்ததும் அப்படியே நின்றுவிட்டது. பிரித்து வைத்துவிட்டு அதையும் நீங்களே தின்றீர்கள்.

கோப்பிக் கடையில் அண்ணன் சொன்ன மாதிரியே கல் மேசை இருந்தது. சிவப்புக் கட்டடமும் சிவப்பாகவே இருந்தது. கோயிலில் நீங்கள் கண்ணை மூடவே இல்லை, பிள்ளையாரை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். ஆற்றோரத்தில் மரத்தடியில் செண்டோல் விற்றவரிடம் ஆளுக்கு ஒரு கிண்ணம் வாங்கினோம். நான் அந்த வயசு வரைக்கும் அதைப்போல ஒன்றை வாயில் வைத்ததே இல்லை. வெல்லப் பாகு, தேங்காய்ப் பால், ஐஸ். நல்லா இருக்கு என்று சொல்லவே வெட்கமாக இருந்தது. “நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு சொல்லு பாப்பா, அதுல என்ன இருக்கு” என்றீர்கள். உங்களுக்கு எப்படி இருந்தது என்று நான் கேட்டேன். “இனிக்குதுன்னு தெரியுது” என்றீர்கள்.

அப்புறம் மலை. கல் படிக்கட்டில் நீங்கள் என்னை விட வேகமாக ஏறினீர்கள். மேலே போனால் கண்ணாடி மண்டபமும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. கூரை போன பழைய மாதாகோயில், நாலு பக்கமும் மொட்டைச் சுவர், சுவரில் சாய்த்துவைத்த கல்லறைக் கற்கள். ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. புல் வெட்டிக்கொண்டிருந்த நம் ஆள் ஒருவரிடம், “அண்ணே, கண்ணாடி மண்டபம் எங்க இருக்கு?” என்று கேட்டீர்கள்.

அவர் சிரித்தார். “கண்ணாடியா? எங்க தாத்தா காலத்துலயே இதுக்குக் கூரை இல்லம்மா.”

நீங்கள் அந்தச் சுவருக்குள் நடுவில் போய் நின்று மேலே வானத்தைப் பார்த்தீர்கள். “பாப்பா, உங்க அண்ணன் மலாக்காவுக்கு வந்ததே இல்ல” என்றீர்கள். எனக்குச் சட்டென்று புரிந்தது. பால் லாரி டிரைவர்தான் வாராவாரம் டவுனுக்குப் போய்வருவார். அவர் சொன்னதைக் கேட்டுக்கேட்டு அண்ணன் சொல்லியிருக்கிறார். கடை கண்ணியெல்லாம் லாரியை நிறுத்துகிற இடம், சரியாக இருந்தது. டிரைவர் மலை ஏறியிருக்க மாட்டார். மலைமேல் என்ன வைப்பது என்று தெரியாமல் அண்ணனே கட்டிய மண்டபம் அது. உங்கள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. அத்தனை நாளில் அதுதான் முதல் தடவை. கீழே கடல் அப்போது மலையடித் திடலை ஒட்டியே இருந்தது. அதில் ஒரு கப்பல் நின்றது. அதை இரண்டு பேரும் பார்க்காத மாதிரி இறங்கிவிட்டோம்.

ஜெயிலில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அண்ணன். மொட்டை அடித்திருந்தார்கள். தமிழ் தெரிந்த போலீஸ்காரர் ஒருவர் பக்கத்தில் நின்றார். வழக்கைப் பற்றி ஒரு பேச்சும் பேசக்கூடாது, பேசினால் உடனே வெளியே என்று முதலிலேயே சொல்லிவிட்டார். சோறு என்ற வார்த்தையை எடுத்தாலே முடிந்தது. உங்களைப் பார்த்தேன். நீங்கள் கேட்க வந்தது அந்த ஒன்றுதான், அதைக் கேட்க வழியில்லை. வலையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். நிமிஷம் போய்க்கொண்டிருந்தது.

அண்ணன்தான் முதலில் பேசினார். “பசியாறிட்டியா?”

அவ்வளவுதான். நீங்கள் ஆரம்பித்தீர்கள். மாமாக் கடை ரொட்டி, கறியில் என்ன மீன், கோப்பிக் கடை கல் மேசை, பிள்ளையார், ஆற்றோரம், செண்டோல். மூச்சு விடாமல் சொன்னீர்கள். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. வலையில் நெற்றியை வைத்துக் கேட்டார். “மலைமேல போனீங்களா?” என்று கேட்டபோது அவர் குரல் இறங்கியது. பயந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

“போனோம். நீங்க சொன்ன மாதிரியே இருந்துச்சு. நல்ல வெயிலு. என் சேலையில பச்சை விழுந்துச்சு. பாப்பா மேல செகப்பு.”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான், “ஆமாண்ணே” என்றேன். அவர் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அடுத்த தடவ ரெண்டு பேரும் சேர்ந்து போவோம்” என்றார். நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

தோட்டத்துக் கேட் பூட்டுவதற்குள் திரும்ப வேண்டும், பஸ் ஓடிக்கொண்டிருந்தது. மஸ்ஜித் தானா ஊர் தாண்டியது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. “அண்ணி, கேக்கவே இல்லயே நீங்க” என்றேன்.

“பசியாறிட்டியான்னு கேட்டாருல்ல” என்றீர்கள். “கோவம் இருக்கறவங்க அதயா மொதல்ல கேப்பாங்க? அது போதும்.”

அன்றைக்கு இரவு வீட்டில் நீங்களே தட்டைப் போட்டுச் சாப்பிட்டீர்கள். அம்மா என்னைப் பார்த்தாள்.

அடுத்த தடவை வரவே இல்லை. அங்கே போன கொஞ்ச காலத்தில் காய்ச்சலில் அண்ணன் போய்விட்டார் என்று ஒரு கார்டு வந்தது, அவ்வளவுதான். உங்களைத் தாய்வீட்டுக்குப் போகச் சொன்னார்கள், வேறு கல்யாணம் பேசினார்கள். நீங்கள் எங்கேயும் போகவில்லை. எனக்குக் கல்யாணம் ஆனபோது என்னோடு வந்தீர்கள், என் பிள்ளைகளை வளர்த்தீர்கள், தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்தபோதும் வந்தீர்கள். கடலை மண் கொட்டித் தள்ளிவைத்துவிட்டு அந்த இடத்தில் கடைகள் கட்டினார்கள். சைக்கிள் மிதிக்கிற பேச்சா வண்டிகளில் பொம்மையைக் கட்டிப் பாட்டை அலறவிட்டார்கள். மலைக்குப் போகலாமா என்று எப்போது கேட்டாலும், “நாந்தான் பாத்துட்டேனே” என்பீர்கள். வீட்டுக்கு வருகிற தபால்காரர், மீன்காரர், யாராக இருந்தாலும் உங்கள் முதல் கேள்வி பசியாறிட்டீங்களா என்பதுதான்.

ஆஸ்பத்திரியில் கடைசி நாள் காலையில் உங்களிடம் ஒன்று கேட்டேன். ஆயுள் முழுவதும் எங்கள் வீட்டிலேயே கிடந்து தேய்ந்தீர்களே, எங்கள் மேல் கோபமா என்று. காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. ரொம்ப நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தீர்கள். “பாப்பா, பசியாறிட்டியா?”

ஆச்சு அண்ணி என்றேன். பொய். முந்தின நாளிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

வெளியே கதவைத் தட்டுகிறார்கள். “அத்தை, மலைமேல வெறும் சுவருதான் இருக்காம்லா, போன்ல காட்டுது. ஏறணுமா?” என்று கேட்கிறாள் அந்தப் பெண். ஏறுங்கள் என்று சொல்லப்போகிறேன், வெயில் இருக்கும்போதே ஏறுங்கள் என்று. செண்டோலும் ஆகிவிட்டதாம், எனக்கு ஒரு கிண்ணம் எடுத்துவைத்திருக்கிறார்களாம். போய்ச் சாப்பிடுகிறேன். இனிக்கிறது என்று தெரிந்தால் போதும். நீங்கள் கேட்பீர்கள்.