ஜன்னலோரத்து பெஞ்ச்

உன் பச்சை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், புள்ள. காலையில் மஞ்சக்குட்டை ஊர் முழுக்கக் கண் தெரியாத பனி. சர்ச்சுக்குப் போகும் வழியில் உன் வீட்டுக்காரர் ஜீப்பின் பின் சீட்டில் கிடந்ததை எடுத்து, "குளுரு நொம்ப இருக்குதுங்க, போட்டுக்கங்க" என்று நீட்டினார். அது உன்னுடையது என்பது அப்புறம்தான் அவருக்கே உறைத்தது. முகம் செத்துப்போயிற்று. கழுத்தில் இன்னும் உன் தைல வாசனை அடிக்கிறது.

இன்று சபை முன்னால் எங்கள் கல்யாண ஓலை வாசித்தார்கள். எனக்கும் உன் புருஷனுக்கும். ஐயோ, இந்த வயதில், இதை உனக்கு எந்த வாயால் சொல்வேன்!

சேலம் கோர்ட்டில் என் விவாகரத்து முடிந்த அன்று, ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் எனக்காக நின்றது நீ ஒருத்திதான். "அழுவாத கண்ணு, ஊட்டுல சோறு ஆக்கி வெச்சிருக்கறேன்" என்றாய். அன்றிலிருந்து உன் வீட்டில் எத்தனை வேளை தின்றிருப்பேன்! பிறகு நீ படுக்கையில் விழுந்தாய். ஒரு மத்தியானம் உனக்குத் தலை வாரும்போது சீப்போடு கொத்தாக முடி வந்தது. அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "எனக்கப்புறம் இந்த மனுசன எவளாச்சும் கட்டுனா, வந்து அவ முடியப் புடிச்சு ஆட்டாம உடமாட்டேன்."

"நானும் ஒரு பக்கம் புடிக்கறேன்" என்றேன். இருமல் வரும்வரை சிரித்தாய்.

சத்தியமாக நான் தேடிப் போகவில்லை. நீ போன பிறகு உன்னைப் பற்றிப் பேச அவருக்கு நான் இருந்தேன், எனக்கு அவர் இருந்தார். ஒரு சாயங்காலம் காபி ஆறிப்போகும்வரை பேசிவிட்டு எழுந்தபோதுதான் தெரிந்தது, உன் பேச்சே வரவில்லை என்று. பயந்துபோய் ஒரு வாரம் இருவரும் பார்த்துக்கொள்ளவில்லை. அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவரை எனக்குப் பிடித்திருக்கிறது, புள்ள. ரொம்பப் பிடித்திருக்கிறது. என்னை என்ன செய்யச் சொல்கிறாய்?

தடை சொல்ல யாராவது உண்டா என்று போதகர் கேட்டார். ஜன்னலோரம் நீ உட்காரும் பெஞ்சைத்தான் பார்த்தேன். யாருடைய குடையோ கிடந்தது. ஒருவரும் எழவில்லை. நீ எழுந்து நின்று நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு மூச்சு வந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து கொண்டையை அவிழ்த்துவிட்டேன். ஸ்வெட்டரைக் கழற்ற மனம் வரவில்லை. பாதி நரைத்த முடிதான், ஆனாலும் பிடிக்கிற அளவுக்கு இருக்கிறது. வந்து ஆட்டு, புள்ள. ஒரு பக்கம் நானே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.