ஒரு இருமல்கூடக் கிடையாது

டிசம்பர் 3

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நான் நலம். உன் அக்கா வீட்டில் நீயும் சௌக்கியம்தானே? “இந்தக் குளிர்காலம் முழுக்க நாலு பேரோடு பழகிப் பாருங்க, அப்புறம் நான் திரும்பி வர்றதைப் பத்தி யோசிக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனாய். உனக்காகத் தெருக்கோடியில் இருக்கும் சமூகக் கூடத்தில் சேர்ந்துவிட்டேன்.

சீச்சீ! ஜன்னலை எல்லாம் இறுக்கி மூடிக்கொண்டு, அடுத்தவன் விட்ட மூச்சையே ஆளாளுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஈரக் காலுறை நாற்றம் வேறு. உடற்பயிற்சி முடிந்ததும் கைகோத்து வட்டமாக நடக்க வேண்டுமாம். என் பக்கத்தில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர். ஒழுகுகிற மூக்கைப் புறங்கையால் துடைத்துவிட்டு அதே கையை நீட்டி, “பிடிங்க சார், என்ன வெட்கம்?” என்கிறார். குமட்டிக்கொண்டு வந்தது. சுகாதார ஆய்வாளராக எத்தனை ஓட்டல் சமையலறைக்குள் நுழைந்திருப்பேன், இப்படி ஒரு கண்றாவியைப் பார்த்ததில்லை. பிறகு சூப். கிளறுகிற அம்மாள் கரண்டியை நக்கி ருசி பார்த்துவிட்டு மறுபடி அண்டாவுக்குள்ளேயே விடுகிறாள்! நான் தொடவே இல்லை. ஆனாலும் தொடர்ந்து போவேன்.

உன் வீட்டுக்காரன்

டிசம்பர் 11

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் போனதே பெரிய விஷயம். கடிதத்தைப் படித்துவிட்டு அக்காவும் நானும் வயிறு வலிக்கச் சிரித்தோம். டிரைவர் கையைப் பிடித்தீர்களா இல்லையா, அதை எழுதவில்லையே? சும்மா பிடியுங்கள், வீட்டுக்கு வந்து கழுவிக்கொண்டால் போயிற்று. மப்ளர் கட்டாமல் வெளியே போகாதீர்கள்.

உண்மையைச் சொன்னால், எனக்கும் நம் வீட்டு ஞாபகமாகவே இருக்கிறது.

கோபம் பாதி தணிந்த,
உங்கள் மனைவி

ஜனவரி 20

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

கூடத்துக்கு நான்தான் இப்போது செயலாளர்! வேறு யாரும் முன்வரவில்லை. வந்த வேகத்தில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். வாசலில் வாளியும் சோப்பும். கைகோக்கிற கூத்துக்கு முற்றுப்புள்ளி. நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டாயிற்று. சூப் அண்டா பரணுக்குப் போய்விட்டது. கரண்டி அம்மாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள், போகட்டும்.

டிரைவருக்கு மூக்கு ஒழுகுவது நின்றபாடில்லை. “வெயில் காலம் வந்ததும் வாங்க” என்று வாசலிலேயே சொல்லிவிட்டேன். “வீட்ல பேசக்கூட ஆள் இல்ல சார். ஓரமா உட்கார்ந்துக்கறேனே” என்று பனியில் நின்றுகொண்டு கெஞ்சினார். என்ன மனிதரோ! கதவைச் சாத்திக்கொண்டேன்.

இப்போது ஏழெட்டுப் பேர்தான் வருகிறோம். ஆனால் ஒரு இருமல்கூடக் கிடையாது! நீ சொன்னபடி பழகிவிட்டேன். உன்னை அழைத்துப்போக ஸ்டேஷனுக்கு என்றைக்கு வரட்டும்?

ஆவலுடன்,
உன் வீட்டுக்காரன்

ஜனவரி 28

உங்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, இந்த முறை அக்காவிடம் காட்டாமல் மடித்து வைத்துவிட்டேன். பனியில் நின்றவர் முகத்தில் கதவைச் சாத்திவிட்டு, அதைப் பெருமையாக வேறு எழுதியிருக்கிறீர்கள்.

நம் மகள் சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோதும் இப்படித்தான் சாத்தினீர்கள். “அப்பா ஏம்மா வரலை?” என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளைத் தொட்டுத் துடைத்துவிட்டு வந்த எனக்கும் தனித் தட்டு, தனிப் பாய். பழகச் சொன்னால், நம் வீட்டையே கொண்டுபோய் அந்தக் கூடத்தில் வைத்துவிட்டீர்கள். அவர்களாவது எழுந்து போய்விட்டார்கள். எனக்குத்தான் இத்தனை வருஷம் பிடித்தது.

இங்கே எனக்கு நல்ல சளி. நான் மிச்சம் வைத்த காபியை அக்கா என் டம்ளரிலேயே மடக்கென்று குடித்துவிட்டு, “ஆறிப்போச்சேடி” என்று திட்டிவிட்டுப் போகிறாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். நான் வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.