சத்தத்தை நீக்கவா என்று கேட்டது, டிக் போட்டுவிட்டேன்

புத்தூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள ரூபாவுக்கு,

நைனா எழுதுவது. அம்மா நலம், நானும் நலம், என் இடது முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. கனடாக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் காதை மூடிக்கொண்டாவது சுகமாக இருங்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய், அதனால்தான் இந்தக் காகிதம்.

கேசட்டையெல்லாம் போனில் ஏற்றிவிட்டு பீரோவைக் காலி செய்யுங்கள் என்று நீ சொன்னாய் அல்லவா, அம்மாவும் நகரியில் மாமா தறியில் நெய்து கொடுத்த புடவைகளுக்கு அந்த பீரோவைத்தான் குறி வைத்திருந்தாள். நீ அனுப்பிய ஒயரைச் சொருகி, இரண்டு மாதம் உட்கார்ந்து, நூற்றுத் தொண்ணூறு கேசட்டையும் ஏற்றி முடித்தேன். நம் ஊரில் எலும்பு ஒடிந்தால் கட்டுப் போட ஊர் முழுக்க ஆள் உண்டு, டேப் அறுந்தால் நான் ஒருவன்தான், அதில் பதினொன்றுக்குக் கட்டுப் போட்டேன். ஒவ்வொரு முறையும் போன், சத்தத்தை நீக்கவா என்று ஒரு கட்டம் காட்டிக் கேட்டது. டிக் போட இடம் கண்டால் வாத்தியார் கை சும்மா இருக்குமா? நூற்றுத் தொண்ணூறு டிக். திருப்பதியில் புதிதாகக் காபிக் கடை திறக்கும் என் பழைய மாணவன் மோகன்ராஜ் கேசட்டுகளைச் சுவரில் ஒட்டி அழகு பார்க்கப்போவதாகவும், எனக்கு ஆயுசுக்கும் காபி இலவசம் என்றும் சொன்னான். பாட்டைச் சுவரில் ஒட்டிவிட்டுக் காபி குடிக்கிற காலம். சனிக்கிழமை வரச் சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பெட்டியில் அடுக்கும்போது அம்மா சும்மா ஒன்றைப் பழைய டேப்ரிக்கார்டரில் போட்டாள். நாம் எப்படிப் பதிவு செய்வோம் என்று உனக்கு நினைவிருக்கும், ரேடியோவுக்கு எதிரில் டேப்பை வைத்து, சிவப்புப் பட்டனை அழுத்தி, வீட்டில் எல்லோரும் மூச்சடக்கி நிற்க வேண்டும். நின்றோமா? பாட்டின் நடுவில் ரேணிகுண்டா ரயில் கூவுகிறது, குக்கர் விசில் அடிக்கிறது, ஒரு குரல், "பாட்டு அப்பறம் புடிக்கலாம், மொதல்ல வந்து துன்னுங்க, ஆறிப்போவுது" என்கிறது. அம்மா என்னைப் பார்த்து, "யாருங்க இந்தப் பொம்பளை, இப்டிக் கத்திக்கினு இருக்கா?" என்று கேட்டாள். நீதான் என்றேன். நம்பவில்லை. அடுத்து நான், ரூபா வாயை மூடு, பதிவாகுது என்கிறேன். உடனே நீ, நாலு வயசு, "நான் பேசவே இல்லியே நைனா, சும்மாதான் நின்னுக்கினு இருக்கேன்" என்று ஒரு சரணம் முழுக்க விளக்கம் கொடுக்கிறாய். அதே பாட்டைப் போனில் போட்டேன். கண்ணாடி மாதிரி சுத்தம். ரயில் இல்லை, குக்கர் இல்லை, அம்மா இல்லை, நீ இல்லை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். முப்பது பையன்கள் எழுதிய கணக்கில் விடை ஒன்றுதான், ஓரத்தில் எவன் மாடு வரைந்திருக்கிறான் என்று பார்த்தால்தான் தாள் யாருடையது என்று தெரியும். நான் மாட்டையெல்லாம் அழித்துவிட்டு விடையைப் பத்திரப்படுத்தியிருக்கிறேன். விடைதான் உலகத்தில் எல்லார் போனிலும் இருக்கிறதே!

மோகன்ராஜ் சொன்னபடி வந்தான். கடையில் வாங்கிய நாற்பதை மட்டும் கொடுத்தேன். மீதி எங்கே சார் என்று பீரோ பக்கம் நகர்ந்தவனை அம்மா மறித்து, "செவுத்துல ஒட்ட வேற எதனா பாருப்பா, அதுல என் கொரலு கீது" என்றாள். இலவசக் காபி ஆயுசிலிருந்து ஒரு வருஷமாகக் குறைந்துவிட்டது. புடவைகள் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. மீதி நூற்றைம்பதையும் டிக் போடாமல் மறுபடி ஏற்றுகிறேன், முடித்தாலும் பீரோவை விட்டு இறக்கப்போவதில்லை, என் கையை நான் இனி நம்புவதாயில்லை.

இருவரும் நோய் நொடியின்றி, வாய் ஓயாமல் நீடு வாழுங்கள். ஸ்வெட்டர் போடாமல் வெளியே போகாதே. ஞாயிற்றுக்கிழமை போனில் நல்லா இருக்கேன் நைனா என்று இரண்டு வார்த்தையில் முடிக்காதே. டேப்பைப் பக்கத்தில் வைத்துச் சிவப்புப் பட்டனை அழுத்தியிருப்பேன். இந்த முறை வாயை மூடு என்று சொல்ல மாட்டேன்.

உன் நைனா,
சம்பத்