மகள் வளர்த்த செல்

அன்பு மகளுக்கு உன் சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் சித்தியும் சுகம், என் தொண்டை மட்டும் கட்டிக்கொண்டது, அதற்கு நீதான் காரணம். கண்ணாடித் தட்டில் இதயச் செல்கள் தானாகத் துடிக்கிறதே, நீ அனுப்பிய அந்த வீடியோவை நேற்று காலையிலிருந்து கடை அடைக்கிறவரை தெரு முழுக்கக் காட்டி விளக்கம் சொன்னதில் போன குரல் இன்னும் வரவில்லை. முடிவெட்டுகிறவர் ஒரு ஆளைப் பாதித் தலையோடு உட்காரவைத்துவிட்டு ஓடி வந்தார், பார்த்துவிட்டு, என்னய்யா இது, கொசுப்புழு நெளியற மாதிரி இருக்கு என்றார். யோவ், அது இதயம்யா, எங்க பொண்ணு வளர்த்தது, அடுத்த வருஷம் முழுசா ஆளுக்கே மாட்டப்போறா என்றேன். மருந்து சோதிக்கத்தான் என்று நீ சொன்னாய், ஆனால் அவருக்கு அதெல்லாம் உறைக்காது.

முதலில் செல் வளர்க்கிறேன் என்று நீ சொன்னபோது நான் ஆடிப்போனேன் தெரியுமா, நாற்காலி மேசை செய்கிற குடும்பத்தில் பிறந்துவிட்டு, மரத்தை அரிக்கிற செல்லை எவளாவது சோறு போட்டு வளர்ப்பாளா என்று கத்தினேன். அது கரையான் இல்லை, உடம்புக்குள்ள இருக்கறது, நீங்க ஏழாங்கிளாஸோட நின்னதுக்கு அவ என்ன பண்ணுவா என்று சித்திதான் என் வாயை அடைத்தாள். போன மாதம் தட்டில் பூஞ்சை விழுந்து எல்லாம் செத்துப்போய், இன்னொரு தடவை கெட்டால் ஆராய்ச்சித் தலைப்பையே மாற்று என்று உன் பேராசிரியர் சொல்லிவிட்டார், எல்லாத்தையும் விட்டுட்டு வந்துடறேன் சித்தப்பா என்று நீ அழுதாய், நானும் வா என்றுதான் சொன்னேன். தெருவில் மட்டும், அதிகமாக யோசித்து உனக்கு மூளை சூடாகிவிட்டது, ஆராய்ச்சி நிலையமே லீவு கொடுத்து அனுப்புகிறது என்று சொல்லிவைத்தேன். நீதான் வரவில்லை. அழுது முடித்து மறுநாளே போய்ப் புதுத் தட்டு வைத்தாய், ஞாயிற்றுக்கிழமைகூட அதுகளுக்குச் சத்துத்தண்ணி மாற்றினாய், ஜெயித்தாய். அந்தப் பிடிவாதம் உன்னைப் பெற்ற என் அண்ணனிடம் கிடையாது, வளர்த்த என்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது, பேராசிரியர் கேட்டால் தயங்காமல் சொல். இன்னும் இரண்டு தடவை அதே மாதிரி துடித்தால்தான் ஒத்துக்கொள்வார்களாம், துடிக்கும், துடிக்காமல் எங்கே போகும்.

நீ வரப்போகிறாய் என்று மாடி அறையைக் காலி செய்து பெயிண்ட் அடித்து வைத்திருந்தேன், இன்று காலை அதில் தரையிலிருந்து கூரைவரை பலகை அடுக்கிவிட்டேன். தோற்றுப்போய் வர இனி இங்கே இடம் கிடையாது. டாக்டர் பட்டத்தோடு வா, எங்கள் கட்டிலையே உனக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் ஹாலில் படுத்துக்கொள்கிறோம். செல்லுக்கு மட்டும் ஊட்டிவிட்டு நீ பட்டினி கிடக்காதே, கையுறை இல்லாமல் எதையும் தொடாதே. நீ தொட்டதெல்லாம் உயிர் பிடித்து, நீயும் நூறு வயது நன்றாயிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தட்டில் துடிக்கிற அதுகளுக்குச் சின்னத் தாத்தா முறையாகிவிட்ட,
உன் சித்தப்பா